சுருள் எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

என் கல்யாணத்துக்கு என் பக்கத்திலிருந்து மொத்தம் மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் நான். (நானும் வராமல் இருந்திருந்தால் விஷயம் இன்னும் சுத்தமாக முடிந்திருக்கும் என்று என் மாமனார் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.) சொந்தக்காரர்கள் யாரும் என்னோடு சண்டையில் இல்லை. மழையில்லை, புயலில்லை, ரயிலெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்திரிகைக்கு நானே அச்சுக் கோத்து, நானே மெய்ப்புப் பார்த்து, நானே தபாலில் சேர்த்தேன். நடந்த தவறு அதுதான்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். எனக்கு இருபத்து நான்கு வயது. தர்மபுரியில் காதர் பாய் நடத்திய அச்சகத்தில் இங்கிலீஷ் அச்சுக்கோப்பவனாக இருந்தேன். சொந்த ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். நான் எட்டாவது படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா அந்தோணியம்மாள், கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். அவள்தான் என்னைச் சாமியார் போர்டிங்கில் சேர்த்து எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்கவைத்தாள். லீவு விட்டால் அவள் வீடுதான் எனக்கு வீடு.

தர்மபுரிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் மூன்று பேர்: காதர் பாய், டிரெடில் அச்சு மிஷினை மிதிக்கும் கோவிந்தன், டிபன் கடை சர்வர். சர்வருக்கு என் பெயர் தெரியாது. 'நாலு இட்லி' என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்தால், திங்கட்கிழமை அச்சகம் திறக்கும்வரை என் வாய்க்கு வேலை கிடையாது. நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு உரக்கடை. ஞாயிற்றுக்கிழமை அதுவும் பூட்டியிருக்கும். சில ஞாயிறுகளில், குரல் இருக்கிறதா என்று பார்க்க நானே இரண்டு தடவை இருமிக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் மதராஸிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே புத்தம்புது இங்கிலீஷ் ஈய எழுத்துகள். 'ஸ்கிரிப்ட்' என்று அதற்குப் பெயர். துரைமார்கள் இறகுப் பேனாவால் எழுதியது போன்ற கையெழுத்தை அப்படியே எழுத்தாக வார்த்திருந்தார்கள். எல்லா எழுத்தும் காற்றை எதிர்த்து நடப்பதுபோல் வலது பக்கம் சாய்ந்திருக்கும். கீழிறங்கும் கோடு தடித்து, மேலேறும் கோடு தலைமுடியாய் மெலியும். சின்ன எழுத்துகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பெரிய எழுத்துகள் யார் கையையும் பிடிக்காது. ஒவ்வொன்றும் தலையிலும் காலிலும் சுருள் சுருளாக, பிழிந்து வைத்த ஜாங்கிரி மாதிரி தனியாக உட்கார்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஊரில் கௌரவம் என்றால் அந்த எழுத்துதான். டாக்டர்கள் பெயர் அட்டை அடித்துக்கொண்டார்கள். மாற்றலாகிப் போகும் அதிகாரிகளுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்து மடல், பள்ளிக்கூட நற்சான்று, பெரிய வீட்டு விருந்து அழைப்பு எல்லாம் அதில்தான். அந்த எழுத்தில் பெயர் போட்டால் கம்பவுண்டர்கூட டாக்டராகத் தெரிவார். ஒருத்தர் உண்மையாகவே அப்படிப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாயிடம் சாவி வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விடுவேன். சும்மா உட்கார்ந்து, 'திரு. ஆரோக்கியசாமி தங்களைத் தேநீருக்கு அன்புடன் அழைக்கிறார்' என்று ஸ்கிரிப்டில் கோத்து, ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்ப்பேன். (என்னிடம் அப்போது ஒரே ஒரு டம்ளர்தான். வந்தவர் குடித்து முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருக்கும்.) பார்த்துவிட்டு, எழுத்துகளைக் கலைத்து அதனதன் அறையில் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பங்குச் சாமியார் என்னை நிறுத்திக் கேட்டார். "எத்தன நாளைக்கு ஒத்தையா திரிவே? மொரப்பூர்ல ஒரு நல்ல பொண்ணு இருக்குது. போய்ப் பாரு."

பெண் ஸ்டெல்லா. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் அப்பா ஞானப்பிரகாசம் மொரப்பூர் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். மொரப்பூரில் அவர்களுக்கு ஒரு தெரு நிறையச் சொந்தம். போய் உட்கார்ந்த அரைமணி நேரத்தில் ஆறு பேர் எனக்குக் காப்பி கொடுத்தார்கள். அவ்வளவு மனிதர்களை ஒரே கூரையின்கீழ் பார்த்து எனக்கு லேசாகத் தலை சுற்றியது. எல்லாம் பேசி முடித்ததும் மாமனார் கேட்டார்.

"ஒங்க பக்கம் எத்தன பேருங்க வருவாங்க? சாப்பாட்டுக்குச் சொல்லணும்."

இருபது பேர் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். ஆனால் கதவோரம் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். இருபது என்ற எண்ணைக் கேட்டால் என் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

"ஒரு நூறு பேர் வருவாங்க" என்றேன்.

தபசுகாலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் சரியாக ஒரு மாதம் இருந்தது. ஊர் ஊராகப் போய் அழைக்க லீவு இல்லை. அக்காவுக்கு மட்டும் ஒரு கார்டு எழுதினேன். 'கல்யாணம் முடிவாகியிருக்கிறது. பெண் மொரப்பூர். நாள், நேரம், கோயில் எல்லாம் பத்திரிகையில் விவரமாக வரும். பார்த்துக்கொண்டு வந்து சேரவும்.' இரண்டே வரி சேர்த்து நாளையும் நேரத்தையும் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் என் பத்திரிகையைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் அக்காவுக்கு அது தெரியவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

பெண் வீட்டார் தங்கள் பத்திரிகையை ஊர் வழக்கப்படி தமிழில், சிவப்பு மையில் அடித்துக்கொண்டார்கள். நான் முழுக்க முழுக்க இங்கிலீஷில், முழுக்க முழுக்க ஸ்கிரிப்டில் அடிப்பதென்று முடிவு செய்தேன். மாமனார் ரயில்வேக்காரர், இங்கிலீஷ் தெரிந்தவர், மலைத்துப்போக வேண்டும்.

அதோடு நின்றிருக்கலாம். அங்கேதான் என் கலைமனம் வேலை செய்தது. ஒரு பெரிய எழுத்து இவ்வளவு அழகென்றால், எல்லாமே பெரிய எழுத்தாக இருந்தால்? சின்ன எழுத்தே இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஜாங்கிரியாகக் கோத்தேன். பெட்டியில் ஒவ்வொரு பெரிய எழுத்தும் நாலைந்துதான் இருந்தன. அதனால் முதலில் நாலு வரி கோத்து, அடித்து, கலைத்து, அதே எழுத்துகளால் அடுத்த நாலு வரி கோத்து, அதே அட்டையில் அடித்து, இப்படி மூன்று தடவை ஓட்டினேன். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்கிரிப்டுக்கு எண்கள் தனியாக வாங்க வேண்டும். பாய் வாங்கவில்லை. ஆகவே நாள், மாதம், வருடம், மணி எல்லாவற்றையும் சொல்லால் எழுதினேன். அதுவும் ஜாங்கிரி. உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை வைத்தேன்.

பாய் பிரதியைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. இத எப்பிடிப்பா படிக்கிறது?"

"நான் படிக்கிறேனே பாய்" என்று கடகடவென்று படித்துக் காட்டினேன். எழுதியவனே நான் என்பதால் கண்ணை மூடிக்கொண்டுகூட என்னால் படித்திருக்க முடியும். அது எனக்கு உறைக்கவில்லை.

கோவிந்தன் மட்டும் மிஷினை மிதித்துக்கொண்டே, "கோலம் டிசைனா இது? எழுத்து எப்ப வரும்?" என்று கேட்டான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தள்ளிவிட்டேன்.

உறைகளின்மேல் விலாசத்தையும் அதே பாணியில் கையால் சுழித்து எழுதினேன். பாதி உறைகள் எந்தெந்த ஊரையெல்லாம் சுற்றின என்பது தபால் இலாகாவுக்குத்தான் வெளிச்சம். மாமனாரிடம் ஒரு பிரதியை நேரில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குதுங்க மாப்ள" என்றார். மலைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. போர்டிங் பள்ளியில் என் வாத்தியாராக இருந்தவரிடமிருந்து மட்டும் ஒரு கார்டு வந்தது. 'வெளிநாட்டுக் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தது அறிந்து மகிழ்ச்சி.' வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று பரிதாபப்பட்டேன்.

கல்யாணத்தன்று காலையில், தைத்துப் போட்ட கோட்டோடு மொரப்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றேன். ஜோலார்பேட்டை பக்கமிருந்து வரும் வண்டியில்தான் அக்கா வரவேண்டும். வண்டி வந்தது. ஒரு மாட்டு வியாபாரியும், ஒரு போலீஸ்காரரும், ஒரு கூடை வெற்றிலையும் இறங்கினார்கள். வண்டி போய்விட்டது. மாட்டு வியாபாரி என் கோட்டைப் பார்த்துவிட்டு, "டிக்கெட் ஒங்ககிட்ட குடுக்கணுங்களா?" என்று நீட்டினார். மறுக்க மனம் வராமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வண்டிக்கும் நின்றேன். அதில் யாருமே இறங்கவில்லை. பிளாட்பாரம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கோயில் மணி அடித்தது. மாமனார் தானே வந்து என் தோளில் கைவைத்து, "வாங்க, சாமியாரு காத்துக்கிட்டிருக்கறாரு" என்று கூட்டிப்போனார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கோயிலில் முன்வரிசை பெஞ்சுகள் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று துடைத்துக் காலியாக விடப்பட்டிருந்தன. பின்னால் பெண் வீட்டார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காலி பெஞ்சுகளின் நடுவில் காதர் பாயும் கோவிந்தனும். தர்மபுரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நூறு பேர் நிரப்ப வேண்டிய இடத்தை இரண்டு பேராக நிரப்பிவிடலாம் என்பதுபோல் பாய் ஒரு பெஞ்சிலும் கோவிந்தன் இன்னொரு பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். எப்போது எழுவது, எப்போது முழங்கால் போடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பாயைப் பார்த்து கோவிந்தன் எழுந்தான், கோவிந்தனைப் பார்த்து பாய் உட்கார்ந்தார். முன்வரிசை என்பதால் பின்னாலிருந்த சிலர் அவர்களைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்கள். சாமியார் இரண்டு முறை ஜெபத்தை நிறுத்திப் பார்த்தார்.

தாலியை மந்திரித்துக் கையில் கொடுத்தபோது சாமியார் மெல்லக் கேட்டார். "ஒங்க அக்கா எங்கப்பா?"

முதல் முடிச்சு நான் போட்டு, மற்றதை மாப்பிள்ளையின் அக்கா தங்கைகள்தான் போடவேண்டும். ஸ்டெல்லாவுக்குப் பின்னால் அந்த இடம் காலியாக இருந்தது. கோயிலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. எல்லாரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது முதுகுக்குத் தெரிந்தது.

"வரலைங்க சாமி" என்றேன்.

மூன்று முடிச்சையும் நானே போட்டேன். தினம் ஆயிரம் எழுத்து பொறுக்கும் விரல்கள், கோத்த எழுத்தைக் கட்டுவதுபோல் அந்தக் கயிற்றை இழுத்து இறுக்கின. ஸ்டெல்லா தலையைக் குனிந்தபடியே சன்னமாகச் சொன்னாள். "மூச்சு முட்டுதுங்க. கொஞ்சம் லூசா போடுங்க." என் மனைவி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

சாப்பாட்டுப் பந்தலில் விஷயம் முற்றிவிட்டது. நூறு பேருக்கான சோறு அண்டாவில் அப்படியே இருந்தது. பெண்ணின் பெரியம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்து விசாரித்தார்.

"தம்பி, நெசமாலுமே ஒங்களுக்கு ஊரு மாரண்டஹள்ளி தானுங்களா?"

"ஆமாங்க."

"அங்க யாராச்சும் ஒங்களுக்கு இருக்காங்களா, இல்ல சும்மா சொன்னீங்களா?"

அந்த நேரத்தில் எனக்கே சந்தேகமாக இருந்தது. யாராவது இருந்திருந்தால் வந்திருப்பார்களே. பாய்தான் இலையிலிருந்து நிமிர்ந்து, "நாங்க இருக்கறோம்மா. எங்களால முடிஞ்ச மட்டும் சாப்பிடறோம்" என்றார். கோவிந்தன் நான்காவது முறையாகச் சோறு கேட்டான். அவன் வாழ்நாளில் எனக்குச் செய்த பெரிய உதவி அது.

மாமனார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது. "நூறு பேருன்னு சொன்னீங்களே மாப்ள."

"எல்லாருக்கும் பத்திரிகை அனுப்புனேங்க. ஒருத்தர் விடாம அனுப்புனேங்க."

பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா கேட்டாள். "எந்தப் பத்திரிகை? நான் பாக்கவே இல்லையே."

மாமனார் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி நேராக்கினாள்.

"இது எந்த பாஷைங்க?"

"இங்கிலீஷ்."

ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். "இது 'எஸ்'ஸா, 'ஜி'யா, 'எல்'லா?"

நான் குனிந்து பார்த்தேன். அச்சகத்தில் பளிச்சென்று தெரிந்த எழுத்து, அந்தப் பந்தலில், அவள் விரல் நுனியில், மூன்றாகவும் தெரிந்தது.

"அப்பா, நீங்க இத படிச்சீங்களா?"

மாமனார் வேறு பக்கம் பார்த்தார். "எனக்குப் புரியலன்னு எப்பிடிம்மா மாப்ளகிட்ட சொல்றது? பெரிய படிப்பு போலன்னு நெனச்சேன்."

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு மொத வண்டிக்கே ஒங்க அக்கா வூட்டுக்குப் போலாங்க" என்றாள்.

போனோம். பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, தங்கவயல் போய்ச் சேர்ந்தபோது மதியம். சுரங்கக்காரர்களின் லைன் வீட்டு வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தவள், எங்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. ஸ்டெல்லாவின் கழுத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"அக்கா..."

"ஒரு மாசமா தபால்காரரு வர்ற நேரத்துக்கு இந்த வாசல்லதாண்டா ஒக்காந்திருக்கறேன். பொடவ எடுத்து வெச்சிருக்கறேன். ரயில்வேக்காரங்க வூட்ல சம்பந்தம், சொரங்கத்துக்காரங்கள கூப்பிட வெக்கமா இருக்கும்னு நேத்துதான் மனச தேத்திக்கிட்டேன்."

நான் பிளாட்பாரத்தில் நின்ற நேரத்தில் அவள் இந்த வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஸ்டெல்லாதான் கேட்டாள். "அண்ணி, இங்கிலீஷ்ல பெரிசா ஒரு கடுதாசி வரலைங்களா?"

"அது வந்துச்சு. அது எப்பவோ வந்துச்சு" என்றாள் அக்கா. "ரோமாபுரியில இருந்து."

சுரங்க ஆபீஸ் கிளார்க் ஒருவரிடம் அக்கா வீட்டுக்காரர் அதைக் காட்டியிருக்கிறார். அவர் சுழியையும் சிலுவையையும் பார்த்துவிட்டு, இது இங்கிலீஷ் இல்லை, லத்தீன், போப்பாண்டவர் ஆசீர்வாதமாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். மாதா படத்துக்குக் கீழே, சட்டம் போட்டு, என் கல்யாணப் பத்திரிகை. முன்னால் உருகி வழிந்த மெழுகுவத்திகள்.

"தெனமும் இதுக்கு முன்னாலதான் முட்டி போட்டு வேண்டிக்கிட்டேன்" என்றாள் அக்கா. "என் தம்பி கல்யாணப் பத்திரிகை நல்லபடியா வந்து சேரணும்னு."

விஷயத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் அவள் சட்டத்தையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாயிற்று. எழுந்து போய் அந்தப் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டெல்லாவைத் திரும்பி உட்காரச் சொல்லி, என் முடிச்சுகளைப் பார்த்து, "இது என்னாடா, மாடு கட்டற முடிச்சு" என்று திட்டிக்கொண்டே, மாதா படத்துக்கு முன்னால் இறுக்கிச் சரியாகப் போட்டாள்.

சட்டத்தை மட்டும் இறக்க மாட்டேன் என்றுவிட்டாள். அதற்கு ஏற்றிய மெழுகுவத்தியெல்லாம் வீணாகிவிடுமாம்.

மற்ற விவரங்கள் மெல்ல மெல்ல வந்தன. ஊரில் என் சித்தப்பா அதைக் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து, ஒரு வாரம் ஒசூரில் மகள் வீட்டில் ஒளிந்திருந்திருக்கிறார். மொரப்பூர்ப் பெரியம்மா அக்காவை நேரில் பார்த்து, கையைத் தொட்டுப் பேசிய பிறகுதான் எனக்கு மனிதர்கள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். அந்தத் தெரு நிறைய இருந்த சொந்தம் எனக்கும் சொந்தமாக ஒன்றிரண்டு வருடம் பிடித்தது. பாய் ஸ்கிரிப்டுக்கு எண்கள் வாங்கிப் போட்டார். பெரிய எழுத்து அறைகளுக்குமேல் கோவிந்தன் ஒரு அட்டையை ஒட்டிவைத்தான்: 'ஒரு வார்த்தைக்கு ஒன்று மட்டும்.'

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் புரியாத எதற்கும் பெயர் ரோமாபுரிக் கடுதாசி. மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பேரன் எழுதும் பரீட்சைத் தாள் எல்லாம் அதில் சேர்த்தி. போன மாதம் பேத்திக்குக் கல்யாணம் வைத்தோம். பத்திரிகை எல்லார் போனுக்கும் போய்விட்டது, நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதலில் அக்காவுக்குத்தான் கை போயிற்று. அவள் போய் ஆறு வருடமாகிறது. அந்த எண்ணை இப்போது அவள் மகன் வைத்திருக்கிறான். அவன் எடுத்ததும் நாள், மணி, ஊர், கோயில் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னேன்.

முழுசாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான். "சரிங்க மாமா. ரோமாபுரியில இருந்து கடுதாசி வந்தாலும் வராட்டியும் நாங்க வந்துடறோங்க."